முந்திரி பதித்த உருண்டை

என் மனைவி எனக்குத் தெரியாமல் பதினான்கு மாதம் எனக்கு மாத்திரை கொடுத்திருக்கிறாள். இதைப் பட்டென்று முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நல்லது. சுற்றி வளைத்துச் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் கோபம் வந்து, சொல்ல வந்ததை விட்டுவிட்டு அவளைத் திட்டிக்கொண்டு நிற்பேன்.

நான் இருபத்தாறு வருடம் ஆலங்குடி - புதுக்கோட்டை ரூட்டில் தனியார் பஸ் ஓட்டியவன். இடுப்பில் தட்டு விலகி நரம்பை அழுத்தியதில், வலது காலில் மேலிருந்து கட்டைவிரல் வரை ஒரு வலி இறங்க ஆரம்பித்தது. பிரேக் மிதிக்கிற கால் அது. ஓனர் நல்ல மனிதர். என்னை வீட்டுக்கு அனுப்பாமல், ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி, பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார வைத்தார். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு விசில். வண்டி ஒரு நிமிடம் கூடுதலாக நின்றால் கத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. கத்துவதற்கு இடுப்பு எதற்கு என்று நினைத்தேன். அதற்கும் இடுப்புதான் வேண்டியிருக்கிறது.

வலி முற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கக்கூஸுக்கே போக முடியும் என்று ஆனபோது, மனைவி என்னைப் புதுக்கோட்டையில் ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் ஸ்கேன் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, டிரமடால் என்று ஒரு மாத்திரை எழுதினார்.

"இது அபின் வகையச் சேந்ததுதான், ஆனா பயப்படாதீங்க. வெறும் வலி மாத்திரை இந்த நரம்பு வலிக்குக் கேக்காது. இது மூளையில வலிய வாங்குற எடத்துலயும் போயி ஒக்காரும், வலிய அடக்குறதுக்கு ஒடம்பே சுரக்குது பாருங்க ரெண்டு சரக்கு, அதுவும் சீக்கிரம் வத்தாமப் பாத்துக்கும். ஒரே மருந்து, ரெண்டு மூணு எடத்துல கைய வைக்கும்" என்றார்.

அவர் சொன்னது இவ்வளவும். எனக்குக் கேட்டது அபின் என்ற ஒரு வார்த்தை.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் பீடி கூடக் குடித்ததில்லை. புண்ணியவான் என்பதால் அல்ல. பெண் பார்க்கப் போன இடத்தில், காபி டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் அவள் கேட்டாள்: "குடிப்பீங்களா?" அவள் அப்பா குடித்தே செத்தவர். எந்தப் போதையும் தொடமாட்டேன் என்று அங்கேயே அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்தேன். டிரைவர் வேலையில் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றுவது என்ன பாடு என்று வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஷெட்டில் என்னைச் சாமியார் என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அதனால் சீட்டை டாக்டர் வாசலில் பெஞ்சு மேலேயே போட்டுவிட்டு எழுந்தேன். மனைவி அதை எடுத்து நாலாக மடித்துப் பர்ஸில் வைத்தாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. மளிகைச் சாமான் எழுத வைத்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு பயணி சொன்ன வைத்தியத்தை நான் பிடித்துக்கொண்டேன். சுக்கு, மிளகு, முடக்கத்தான் பொடி, கருப்பட்டி, கொஞ்சம் நல்லெண்ணெய். எல்லாவற்றையும் இடித்து உருண்டை பிடித்துக் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. பத்து நாள் நானே பிடித்துச் சாப்பிட்டேன். வலி இம்மியும் அசையவில்லை. ஆனால் கேட்டவர்களிடம் பரவாயில்லை என்றேன். ஆரம்பித்த வைத்தியத்தை நாமே குறை சொன்னால் நன்றாகவா இருக்கும்?

பதினோராம் நாள் மனைவி சொன்னாள்: "ஒங்களுக்குப் பதம் வரல. இனிமே நான் புடிச்சுத் தாரேன்."

அவள் பிடித்த உருண்டை பார்க்கவே நன்றாக இருந்தது. ஒவ்வொன்றின் தலையிலும் அரை முந்திரிப் பருப்பைப் பதித்திருந்தாள். முதல் ரெண்டு நாள் தலை சுற்றியது, குமட்டியது. மூன்றாம் நாள் மேஜையைப் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்தேன். அந்த வாரமே விசிலை எடுத்துக்கொண்டு வண்டி நிற்கிற இடத்துக்கு நானே நடந்து போனேன். மலச்சிக்கல்தான் படுத்தி எடுத்தது. உடம்பில் கிடந்த கெட்டதெல்லாம் கிளம்புகிறது, அதனால்தான் என்று விளக்கம் சொன்னேன். வெளியே வராத ஒன்று எப்படிக் கிளம்பியதாகும் என்று யாரும் கேட்கவில்லை. மனைவி மட்டும் தினமும் ஒரு வாழைப்பழத்தைக் கையில் திணிப்பாள்.

ஒரு தடவை பக்கத்து வீட்டு அம்மா வந்தவர் டப்பாவிலிருந்து ஒரு உருண்டையை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார். மனைவி ஓடிவந்து அதை வெடுக்கென்று பிடுங்கினாள். "அது அவருக்குன்னு புடிச்சதுக்கா." அந்த அம்மா முகம் சுண்டிப் போனது. எனக்கு உள்ளுக்குள் பெருமை. முப்பது வருடத்துக்கு அப்புறமும் நமக்கென்று முந்திரி வைத்துப் பிடிக்க ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். டிவிஎஸ்ஸில் நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணச் சொல்லி அவள் தினமும் அடம் பிடித்ததையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டேன்.

பிறகு நான் சும்மா இருந்தேனா? டைம் கீப்பர் மேஜைக்கு வந்த ஒவ்வொருவரிடமும் உருண்டை புராணம்தான். எங்கள் சொந்தக்காரர்கள் வாட்ஸப் குரூப்பில் நான் நடக்கிற வீடியோவைப் போட்டேன். குன்றாண்டார்கோவிலிலிருந்தெல்லாம் ஆள் விசாரித்துக்கொண்டு வந்தார்கள்.

இதில் என் தங்கை வந்து சேர்கிறாள். எனக்கு ஆறு வயது இளையவள். அன்னவாசலில் வாக்கப்பட்டு, அங்கேயே அங்கன்வாடியில் வேலை பார்த்தவள். மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் ஆகி, எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தபோது, அது இடுப்பெலும்பில் வந்து உட்கார்ந்துவிட்டது. பார்க்கப் போயிருந்தேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவள், பேச்சுக்கு நடுவில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு கேப்ஸ்யூலை எடுத்து விழுங்கினாள்.

"அது என்னா மாத்திரை?"

"வலிக்குண்ணே. டிரமடாலோ என்னமோ. இது இருக்கப் போயித்தான் ஒக்காந்து பேசுறேன்."

எனக்கு அந்தப் பெயர் மறந்திருக்கவில்லை. "அது அபின் தெரியுமா ஒனக்கு? நாளைக்கு அது இல்லாம இருக்க முடியாது ஒன்னால. என்னயப் பாரு. ஒரு மாத்திரை தொட்டேனா?" என்று கட்டிலைச் சுற்றி ஒரு நடை நடந்து காட்டினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தேன். அவள் கை தட்டினாள்.

வீட்டுக்கு வந்து, தங்கச்சிக்கும் ஒரு டப்பா உருண்டை பிடி என்றேன். இடித்துக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது.

"அவங்களுக்கு வேணாங்க. அவங்க வலி வேற."

"வலியில என்னா வேற?"

"டாக்டரக் கேக்காம எதயும் குடுக்கக் கூடாதுங்க."

"ஒனக்கு என் கூடப்பொறந்தவன்னா கை வராதே" என்றேன். எந்த வீட்டிலும் எந்தப் பெண்ணின் வாயையும் அடைக்கிற பேச்சு அது. அவள் மறுபடி இடிக்க ஆரம்பித்தாள். நாற்பது உருண்டை பிடித்து வைத்தாள். எதன் தலையிலும் முந்திரி இல்லை.

"இதுக்கு ஏன் வைக்கல?"

"தீந்து போச்சு."

சுற்றிலும் முந்திரிக்காடாக இருக்கிற ஆலங்குடியில் உட்கார்ந்துகொண்டு முந்திரி தீர்ந்துபோச்சு என்று சொன்ன ஒரே பெண் இவளாகத்தான் இருக்கும். நான் கடைத்தெருவில் ஒரு பாக்கெட் வாங்கி, புதுக்கோட்டை பஸ்ஸில் முன் சீட்டில் டப்பாவை மடியில் வைத்து, ஒவ்வொரு உருண்டையிலும் நானே பதித்தேன். திருவரங்குளம் தாண்டும்போது நாற்பதும் முடிந்தது. தங்கைக்குக் குறை வைக்கவில்லை என்று ஒரு திருப்தி.

அன்னவாசலில் டப்பாவைக் கொடுத்துவிட்டு, இருந்த மாத்திரை அட்டைகளையெல்லாம் கேட்டு வாங்கினேன். அவள் வீட்டுக்காரர், "மச்சான், டாக்டர் நிறுத்தக் கூடாதுன்னாரு" என்று இழுத்தார். "நான் பொறுப்பு மாப்ள" என்றேன். கண்ணில் பட்டால் ஆசை வரும் என்று அட்டைகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்து, புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு குப்பைத் தொட்டியில் போட்டேன். இதை மனைவியிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

காலையிலும் சாயங்காலமும் தங்கைக்குப் போன் போடுவேன். "தின்னியா?" "தின்னேண்ணே." முதல் நாலைந்து நாள், வேர்க்கிறது, கொட்டாவியாக வருகிறது, வயிற்றால் போகிறது, காலை ஒரு இடத்தில் வைக்க முடியவில்லை என்றாள். கெட்டது கிளம்புது, பொறுத்துக்கோ என்றேன். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. பதினோராம் நாள் காலையில் கேட்டேன், வலி எப்படி இருக்கிறது என்று.

"குறைஞ்சிருச்சுண்ணே" என்றாள்.

என் போனில் பேசுவதெல்லாம் தானாகவே பதிவாகும். அந்தத் துண்டை அப்படியே குரூப்பில் போட்டேன். கட்டைவிரலும் கும்பிட்ட கையுமாக வந்து விழுந்தன.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது மனைவிக்கும் அதைப் போட்டுக் காட்டினேன். நீ கை வராமல் பிடித்துக் கொடுத்ததே இப்படிக் கேட்டிருக்கிறது பார் என்று குத்திக்காட்டத்தான். ரசம் ஊற்ற வந்தவள் கரண்டியோடு நின்று கேட்டாள்.

"இன்னொருக்காப் போடுங்க."

போட்டேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவங்க வலியோட பேசுறாங்க. பல்லக் கடிச்சுக்கிட்டுப் பேசுறாங்க. மாத்திரையும் போடுறாங்களா இல்லையா?"

"அதையெல்லாம் நான் அன்னைக்கே புடுங்கிட்டு வந்துட்டேன்."

அவள் முகம் போன போக்கை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எழுந்து போய், துவரம்பருப்பு டப்பாவுக்குள் கைவிட்டு ஒரு அட்டையை எடுத்து வந்து என் இலைப் பக்கத்தில் வைத்தாள். பச்சையும் மஞ்சளும். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும், அவள் சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

"ஒங்க உருண்டையில மட்டும் இதப் பிரிச்சுக் கொட்டிப் புடிப்பேன். தெரியாம வேற யாரும் தின்னுறக் கூடாதுன்னுதான் முந்திரி வச்சேன். அவங்களுக்குக் குடுத்ததுல ஒண்ணும் இல்லங்க. வெறும் சுக்குதான்."

"எத்தன நாளா?"

"பதினாலு மாசமா. மாசாமாசம் டாக்டரப் பாத்து, நீங்க டூட்டில இருக்கீங்க, நல்லாப் போடுறீங்கன்னு சொல்லி எழுதி வாங்கிட்டு வருவேன்."

இலையைத் தள்ளிவிட்டு எழுந்தேன். வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். டிவிஎஸ்ஸில் போகிறவன் மயங்கி லாரியில் விழுந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்றேன். நீங்கள் போய்ச் சேர்ந்து போன் பண்ணுகிற வரைக்கும் நான் உட்காரவே மாட்டேன் என்றாள். அந்தப் போனும் அதற்குத்தானா என்று எனக்கு இன்னும் ஆத்திரம்.

"நான் ஒனக்குத்தானடி சத்தியம் பண்ணேன். எந்தப் போதையும் தொட மாட்டேன்னு. ஒனக்குத்தான."

"சத்தியத்த வாங்குனவ நாந்தான. நானே விட்டுக் குடுத்துட்டேன்னு வச்சுக்கங்க. நீங்க சுவத்தப் புடிச்சுக்கிட்டுப் போறத என்னால பாக்க முடியல."

"பதினோரு நாளா ஏன் வாயத் தொறக்கல?"

"தொறந்தா நீங்க நிறுத்திருவீங்க. அவங்க மாத்திரையும் போட்டுக்குவாங்க, இதையும் திம்பாங்கன்னு நெனச்சேன். நீங்க புடுங்கிட்டு வந்தது எனக்கு எப்படிங்க தெரியும்? மொதல்ல கெளம்புங்க. என்னயத் திட்டுறத வந்து திட்டுங்க."

கார் பிடித்தோம். அவள் போன் பண்ணி, தங்கை வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் கேட்கச் சொன்னாள். இப்போதைக்கு ஒரு கேப்ஸ்யூல் கொடுங்கள், நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். புதுக்கோட்டை தாண்டி அன்னவாசல் போகிற வரைக்கும் நான் ஒரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன், அவள் ஒரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். முப்பது வருடம் ஒரு சட்டியில் சாப்பிட்டவளோடு உட்கார்ந்திருக்கிறேன், இவள் கையால் இனி எதை நம்பி வாங்கிச் சாப்பிடுவது என்ற ஒரே நினைப்பு எனக்கு. தங்கையைப் பற்றி நினைக்கக்கூட அந்தக் கோபம் இடம் விடவில்லை. இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தங்கை ஒருக்களித்துச் சுருண்டு கிடந்தாள். சேலைத் தலைப்பு வாயில் இருந்தது. பல்லில் கடித்து அது நைந்து போயிருந்தது. அவள் வீட்டுக்காரர் என்னை வாங்க என்றும் சொல்லவில்லை. "புது மாத்திரை வாங்கியாரேன்னு கும்பிட்டுக் கேட்டேன். அண்ணன் மனசு சங்கடப்படும்னு விடவே மாட்டேன்னுட்டா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

மனைவி அவள் தலையைத் தாங்கிப் பிடித்து, கையோடு கொண்டுவந்த அட்டையிலிருந்து ஒரு கேப்ஸ்யூலை வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். நான் கட்டில் பக்கத்தில் இருந்த என் டப்பாவைத் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் உருண்டை அப்படியே இருந்தது. ஆனால் சிலவற்றின் தலையில் முந்திரி இல்லை, அது இருந்த பள்ளம் மட்டும் இருந்தது.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். அவள் நெற்றிச் சுருக்கம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. வாயிலிருந்து சேலையை எடுத்தாள். நான் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"நாலஞ்சு நாளுக்கு மேல அது உள்ள எறங்கலண்ணே, வயிறு எரிஞ்சுச்சு. ஆனா நீ தின்னியான்னு கேப்பீல்ல. முழுசாப் பொய் சொல்லக் கூடாதுன்னு வேளைக்கு ஒரு முந்திரிய மட்டும் எடுத்துத் தின்னேன்."

"கேக்கலன்னு சொல்லிருக்கலாம்ல ஆத்தா."

"நீ நடந்து காமிச்சீல்ல. கண்ணால பாத்தேன்ல. ஒனக்குக் கேட்டது எனக்குக் கேக்கலன்னா என் ஒடம்புலதான் கொறைன்னு இருந்துட்டேன்."

மனைவி அவளிடம் நடந்ததைச் சொன்னாள். மறைக்காமல், பருப்பு டப்பா உட்பட எல்லாவற்றையும். தங்கை இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள். பிறகு என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"ஏன் மதினி, எனக்கும் அப்டியே கலந்து குடுத்துருக்கலாம்ல?"

நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அவள் ஐந்து மாதம் இருந்தாள். டாக்டர்கள் மருந்தைக் கூட்டினார்கள், பிறகு மார்பினுக்கு மாற்றினார்கள். கடைசி வரை பெரும்பாலும் உட்கார்ந்து பேசினாள், சிரித்தாள், அங்கன்வாடிப் பிள்ளைகள் வந்தால் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

நான் கோபத்தில் நாலு நாள் மாத்திரையை விட்டுப் பார்த்தேன். வேர்த்தது, கொட்டாவியாக வந்தது, காலை ஒரு இடத்தில் வைக்க முடியவில்லை, கடைசியில் பழைய வலியும் வந்து சேர்ந்தது. தங்கை போனில் சொன்ன அத்தனையும் வரிசையாக வந்தது. அவளுக்கு நான் சொன்ன பதிலும் ஞாபகம் வந்தது. ஐந்தாம் நாள் மனைவியிடம் கையை நீட்டினேன். இப்போது டாக்டரை நானே போய்ப் பார்க்கிறேன், அளவைக் குறைத்திருக்கிறார். உருண்டை கிடையாது. கேப்ஸ்யூல், ஒரு டம்ளர் தண்ணீர். அவள் கொடுக்கிறாள், நான் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் விழுங்குகிறேன். அவள் அதைக் கவனிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். கவனிக்கட்டும்.

பஸ் ஸ்டாண்டில் இன்னும் உருண்டை கேட்டு வருகிறார்கள். அதில் மாத்திரை கலந்திருந்தது, டாக்டரைப் பாருங்கள் என்று உள்ளதைச் சொல்கிறேன். ஒருவரும் நம்புவதில்லை. கைப்பக்குவத்தைச் சொல்ல மனசில்லை என்று முணுமுணுத்துக்கொண்டு போகிறார்கள்.

மனைவி ஏமாற்றினாள், தங்கை ஏமாற்றினாள், மேஜையைப் பிடிக்காமல் எழுந்து நின்ற என் சொந்தக் காலே என்னை ஏமாற்றியது. எல்லாரும் என் மேல் பிரியம் வைத்துத்தான் செய்தார்கள் என்கிறார்கள். என் காலுக்குக்கூட அப்படி ஏதாவது சொல்வார்கள். எனக்கு ஆறவில்லை.

அந்தப் பதிவு இன்னும் போனில் இருக்கிறது. அழிக்கப் போனால் விரல் வருவதில்லை. மனைவி வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துப் போட்டுக் கேட்பேன். அன்றைக்கு எனக்குக் கேட்காதது இப்போது கேட்கிறது. "குறைஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டு, மூச்சை இழுத்து அடக்கி, அப்புறம்தான் "ண்ணே" என்கிறாள். அத்தோடு பதிவு முடிவதில்லை. அவள் மூச்சு விடுவதற்குள் ஒரு ஆள் குறுக்கே புகுந்து, வாயெல்லாம் பல்லாகப் பேசுகிறான்:

"பாத்தியா? அண்ணன் சொன்னேன்ல?"